50 மீட்டர் ரைஃபிள்: மாற்ற வேண்டியது தோட்டாவையா, பயிற்சியையா?

பத்தாம்வளையம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் .22 எல்.ஆர். (0.22 அங்குலச் சிறு விட்டத் தோட்டா) ரைஃபிளில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிகளில் பங்கேற்று வருகிறேன். புரோன் எனப்படும் கிடந்த நிலையில் என் குண்டுகள் பெரும்பாலும் இலக்கின் நடுவளையமான பத்திலேயே விழுகின்றன. மண்டியிட்ட நிலையில் பத்தும் ஒன்பதும் கலந்து வருகின்றன. நின்ற நிலையில் எட்டு வரை சிதறுகின்றன. ஒரே நிறுவனத்தின் பயிற்சித் தரம், நடுத்தரம், உயர்தரம் ஆகிய மூன்று வகைத் தோட்டாக்களையும் மேசைமேல் மணல் பையில் ரைஃபிளைச் சாய்த்து, ஐந்தைந்து குண்டுகளாகச் சுட்டுப் பார்த்தேன். ஒரு முறை நடுத்தரம் மிகச் சிறிய குரூப்பை (குண்டுகள் விழுந்த கூட்டத்தை) தந்தது. அடுத்த முறை உயர்தரம் முந்தியது. இன்னொரு முறை பயிற்சித் தரமே இரண்டையும் வென்றது. எதை நம்பித் தேர்ந்தெடுப்பது என்று விளங்கவில்லை.

இதனுடன் வேறு இரண்டு ஐயங்களும் உள்ளன. அதிவேகத் தோட்டா இலக்கை விரைவில் சென்றடைவதால் காற்றால் குறைவாகவே தள்ளப்படும் என்று உடன் சுடுபவர்கள் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அது உண்மையா? அடுத்ததாக, கிடந்த நிலையில் விசையை இழுத்தபோது எந்தக் குறையும் தெரியாத சில குண்டுகள், நேர் கீழே ஒன்பதில் விழுகின்றன. அது தோட்டாவின் குறையா, என் குறையா என்பதை எப்படிப் பிரித்தறிவது? என்னிடம் இருக்கும் பணத்தை உயர்தரத் தோட்டாவில் போடுவதா, அதே பணத்துக்குக் கூடுதலாகப் பயிற்சித் தோட்டா வாங்கி அதிகம் சுடுவதா என்பதை இந்த விடைகளை வைத்தே முடிவு செய்ய எண்ணுகிறேன்.

சோதனைமேசை எழுதியது:

வணக்கம். உங்கள் கேள்வியில் விடையின் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மூன்று முறை சோதித்து மூன்று வெவ்வேறு முடிவுகள் வந்தன என்றால், அந்தச் சோதனை தோட்டாவை அளக்கவில்லை என்றுதான் பொருள்.

வளையக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் தோட்டாவிடம் எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ.; அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம் கொண்டது. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. என்று கணக்கிடப்படுகிறது, அதன் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே அந்த வளையத்தின் மதிப்பு கிடைத்துவிடும். ஆகவே, குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. தொலைவுக்குள் இருந்தால் அது பத்து. மையத்துக்கு மையம் அளந்தால், 16 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கும் எந்தக் குரூப்பும், சரியாக நடுவில் அமைந்தால், முழுக்க முழுக்கப் பத்துதான். மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் முழு எண்களே கூட்டப்படுகின்றன என்பதால் அங்கே இந்த 16 மி.மீ. போதுமான இடம் தருகிறது. தசமப் புள்ளிகள் எண்ணப்படும் கிடந்த நிலைப் போட்டியிலும் இறுதிச் சுற்றுகளிலும் நிலைமை வேறு: அங்கே ஒவ்வொரு 0.8 மி.மீ. விலகலும் 0.1 புள்ளியைக் கொண்டுபோகிறது. சிறந்த லாட்டுக்காக (ஒரே தடவையில் தயாரான, ஒரே எண்ணிட்ட தோட்டாத் தொகுதிக்காக) அலைபவர்கள் அதற்காகத்தான் அலைகிறார்கள்.

இனி உங்கள் ஐந்து குண்டுச் சோதனைக்கு வருகிறேன். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்களை, எந்த மாற்றமும் இல்லாமல், ஐந்தைந்தாகப் பலமுறை சுட்டால், குரூப்பின் சராசரி அளவு 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும், தனித்தனிக் குரூப்புகள் 11 மி.மீ.க்கும் 19 மி.மீ.க்கும் இடையே ஊசலாடுவது முற்றிலும் இயல்பு. அது தற்செயலின் விளையாட்டு. தரத்தின் அடையாளம் அன்று. ஆகவே, ஐந்து குண்டில் 12 வந்த தோட்டாவை 17 வந்த தோட்டாவைவிடச் சிறந்தது என்று தீர்ப்பளிக்க எந்த அடிப்படையும் இல்லை. குண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூடக் குரூப்பும் பெரிதாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே சிதறல் கொண்ட தோட்டாவில் பத்துக் குண்டுக் குரூப், ஐந்து குண்டுக் குரூப்பைவிடச் சராசரியாகக் கால் பங்கு பெரிதாக இருக்கும். ஒருவர் ஐந்து குண்டு அளவையும் மற்றவர் பத்துக் குண்டு அளவையும் சொல்லிக்கொண்டு வாதிடுவதை நான் அடிக்கடி கேட்கிறேன். அந்த வாதத்தில் இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான்: ஒவ்வொரு லாட்டுக்கும் குறைந்தது நான்கு முறை, முறைக்குப் பத்துக் குண்டுகள் சுட வேண்டும். ஒரு லாட்டை முழுவதும் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லக் கூடாது. முறை மாற்றி மாற்றிச் சுட்டால்தான் காற்றும் வெளிச்சமும் களைப்பும் எல்லா லாட்டுகளுக்கும் சமமாகப் பகிரப்படும். மின்னணு இலக்கு கிடைத்தால், ஒவ்வொரு குண்டும் குரூப்பின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் கூட்டிச் சராசரி எடுங்கள். குரூப்பின் வெளி அளவு இரண்டே இரண்டு குண்டுகளைத்தான் பார்க்கிறது; விலகல் சராசரி நாற்பது குண்டுகளையும் பார்க்கிறது. ‘அந்த ஒரு குண்டு என் கை தவறியது’ என்று எதையும் நீக்கக் கூடாது. மணல் பையில் சுடும்போது உங்கள் தோளும் கன்னமும் சோதனைக்குள் நுழைந்துவிடுகின்றன என்பதால், ரைஃபிளைப் பிடிப்பானில் இறுக்கிச் சோதிக்கும் வசதி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். பர்மிங்காமில் உள்ள ஈலி நிறுவனமும், ஜெர்மனியின் ஷேனெபெக்கில் .22 தோட்டாக்களைத் தயாரிக்கும் லாப்புவாவும், வீரர்கள் தங்கள் ரைஃபிளைக் கொண்டுவந்து பல லாட்டுகளைச் சோதித்து வாங்கிக்கொள்ளும் வசதியை வைத்திருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

லாட்டைத் தேடுவது ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து உறையின் அடி விளிம்புக்குள் வளையமாகப் பரவியிருக்கிறது. அதை வீட்டில் திரும்ப நிரப்ப இயலாது. பெரிய விட்ட ரைஃபிள் சுடுபவர்கள் வெடிமருந்தின் அளவையும் குண்டின் அமர்வையும் தங்கள் குழலுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால், தொழிற்சாலை தந்ததில் நம் குழலுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே மிஞ்சுகிறது. உயர்தரப் பெட்டியின் ஒரு லாட் ஒரு குழலில் அருமையாகவும் இன்னொரு குழலில் சாதாரணமாகவும் சுடும். பெட்டியின் பெயரை வைத்துப் பரிந்துரை கேட்பதில் அதனால்தான் பயன் குறைவு. லாட் எண் மாறினால் அதை வேறு தோட்டாவாகவே கருத வேண்டும்.

கீழே விழும் ஒன்பதைப் பற்றி. நம் தோட்டா வினாடிக்கு ஏறத்தாழ 325 முதல் 330 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறி, 50 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி எடுத்துக்கொள்கிறது; அதற்குள் புவியீர்ப்பு அதைக் குழலின் கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. கீழே இழுத்துவிடுகிறது. ஒரு தோட்டா மற்றவற்றைவிட வினாடிக்கு 10 மீட்டர் மெதுவாகச் சென்றால், அது 7 மி.மீ.க்கு மேல் தாழ்ந்து விழும். நடுவிலிருந்து சற்றே கீழே குறி நின்றிருந்தால், அந்த 7 மி.மீ. பத்தை ஒன்பதாக்கப் போதுமானது. ஆகவே வேகச் சீரின்மை ஒரு நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதைச் சந்தேகமாக விட்டுவிடாமல் சோதிக்கலாம்: வேகமானி இருந்தால் அதே லாட்டில் இருபது முப்பது தோட்டாக்களை அளந்து பாருங்கள், அல்லது பிடிப்பானில் சுட்டு, தனித்துக் கீழே விழும் குண்டுகள் வருகின்றனவா என்று பாருங்கள். பிடிப்பானில் வராத கீழ் ஒன்பது படுத்துச் சுடும்போது மட்டும் வருமானால், காரணம் தோட்டாப் பெட்டியில் இல்லை.

காற்றுக்கொடி எழுதியது:

சோதனைமேசை அவர்கள் தொடாத அதிவேகத் தோட்டாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இந்த நம்பிக்கை பல இளம் வீரர்களைத் தவறான பெட்டியை வாங்க வைத்திருக்கிறது.

காற்று குண்டைத் தள்ளும் அளவு, குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பதைப் பொறுத்தது அன்று. காற்றே இல்லாத வெற்றிடத்தில் பறந்திருந்தால் எடுத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகச் சேர்ந்தது என்பதையே பொறுத்தது. .22 தோட்டாவின் குண்டு மழுங்கிய மூக்குடையது. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது அதன்மேல் எதிர்ப்பு மிகக் கடுமையாக ஏறுகிறது. வினாடிக்கு 380 மீட்டரில் புறப்பட்டது 50 மீட்டரை எட்டுவதற்குள் ஒலி வேகத்தின் அருகே இறங்கிவிடும். அந்த இழப்பே தாமதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், வினாடிக்கு 1 மீட்டர் குறுக்குக் காற்றில் சாதாரணப் போட்டித் தோட்டா ஏறத்தாழ 7 மி.மீ. விலகும்போது, அதிவேகத் தோட்டா அதைவிடக் கூடுதலாகவே விலகுகிறது. அதற்கும் மேலாக, ஒலி வேகத்தைக் கடந்து இறங்கும் இடத்தில் குண்டு தடுமாறுவதால் குரூப்பும் விரிகிறது. போட்டித் தோட்டாக்கள் ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழே வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. ஒலியின் வேகம் 15 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 0 டிகிரியில் 331 மீட்டர். குளிரில் சுடும்போது அந்த எல்லையே கீழிறங்கி வருகிறது என்பதால், வேகம் சற்றுக் குறைந்த லாட் அங்கே பாதுகாப்பானது.

7 மி.மீ. என்ற எண்ணைச் சற்று நிறுத்திப் பாருங்கள். கன்னத்தில் மெல்லத்தான் உணரக்கூடிய ஒரு காற்று, நடுவில் விழ வேண்டிய குண்டைப் பத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. நல்ல லாட்டுக்கும் சுமாரான லாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடச் சிறியது. திறந்தவெளி அரங்கில் சுடுபவர் தோட்டாவுக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது காற்றைக் காட்டும் கொடியைப் படிப்பதற்குச் செலவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். 50 மீட்டர் அரங்கில் கொடிகள் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நிற்கின்றன. குழல்வாய்க்கு அருகில் குண்டு பெறும் சிறிய திசைமாற்றம் மீதித் தொலைவு முழுவதும் வளர்ந்துகொண்டே போவதால், 10 மீட்டர் கொடி சொல்வதற்கு எடை அதிகம். இலக்கின் அருகே படபடக்கும் கொடியைப் பார்த்து மனம் கலங்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: குண்டை வலப்புறமாகச் சுழற்றும் குழலில், வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கம் மட்டும் தள்ளாது, சற்று மேலேயும் ஏற்றும், இடமிருந்து வரும் காற்று வலப்பக்கமும் கீழேயும் இறக்கும். கடிகாரத்தின் 10 மணி திசைக்கும் 4 மணி திசைக்கும் இடையில் குண்டுகள் சாய்வாகப் பரவியிருந்தால், அந்தத் தாளில் எழுதியிருப்பது காற்றுதான்.

பழகும் முறை எளிது. தகுதிச் சுற்றுக்கு முன் தரப்படும் 15 நிமிடத்தில் சைட்டிங் குண்டுகளுக்கு (மதிப்பெண்ணில் சேராத சோதனைக் குண்டுகளுக்கு) எண்ணிக்கை வரம்பு இல்லை. பலரும் அதைக் குறிக்கருவியைத் திருத்துவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு அமைதியாகக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் காற்று பலமாக இருக்கும்போதும் வேண்டுமென்றே சில குண்டுகளைச் சுட்டு, எந்தக் கொடி நிலைக்கு எவ்வளவு விலகல் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு, அடிக்கடி திரும்பி வரும் ஒரு காற்று நிலையைத் தேர்ந்து, அது வரும்போது மட்டும் சுடுங்கள். எல்லாக் காற்றுக்கும் திருத்தம் செய்ய முயல்பவரைவிட, ஒரே காற்றுக்காகப் பொறுத்திருப்பவர் அதிகப் பத்துகளை எடுப்பார்.

பத்தாம்வளையம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அதிவேகத் தோட்டாவை இனி எண்ணிப் பார்க்கப் போவதில்லை. 40 குண்டு முறையில் சோதிக்கலாம் என்பதும் புரிகிறது. ஆனால் என் மதிப்பெண் பெரும்பாலும் சரிவது நின்ற நிலையில்தான். அங்கேயும் நல்ல லாட் உதவுமா? கீழ் ஒன்பதுக்கு என் உடல்தான் காரணம் என்றால், எதை எங்கே தேடுவது? கடைசியாக ஒரு சிறு கேள்வி: ஒரு வகைத் தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழலைத் துடைக்க வேண்டுமா?

நின்றநிலை எழுதியது:

வணக்கம். பல ஆண்டுகளாக இளம் வீரர்களுக்குப் பயிற்சி தந்து வருகிறேன். சோதனைமேசை அவர்களின் முறை சரியானதுதான். அது இப்போது உங்களுக்குத் தேவையா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

சிதறல்கள் ஒன்றோடொன்று நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன. நின்ற நிலையில் உங்கள் உடலின் அசைவால் மட்டும் 40 மி.மீ. குரூப் வருகிறது என்றும், தோட்டாவின் சிதறல் 20 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்த அளவு ஏறத்தாழ 45 மி.மீ. இப்போது மிகுந்த செலவில் 16 மி.மீ. சுடும் லாட்டைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால், மொத்தம் 43 மி.மீ. ஆகும். நின்ற நிலையில் சுடும் எவருக்கும் இந்த 2 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. மாறாக, தோட்டாவைத் தொடாமல் உடலின் சிதறலை 40-லிருந்து 32-க்குக் கொண்டுவந்தால், மொத்தம் 38 மி.மீ.க்குள் இறங்கிவிடுகிறது. அதே லாட் மாற்றம் கிடந்த நிலையில் என்ன செய்யும் என்றும் பாருங்கள்: உடலின் சிதறல் 14 மி.மீ. என்றால், 20 மி.மீ. தோட்டாவுடன் 24 மி.மீ.க்குச் சற்று மேல்; 16 மி.மீ. தோட்டாவுடன் 21 மி.மீ.க்குச் சற்று மேல். அங்கே அது பத்துகளின் எண்ணிக்கையை மாற்றும். ஆகவே பத்தாம்வளையம் அவர்களே, கிடந்த நிலையை மட்டும் சுடுபவராக நீங்கள் இருந்திருந்தால் லாட்டைத் தேடுங்கள் என்று நானும் சொல்லியிருப்பேன். மூன்று நிலையில் நின்ற நிலையே உங்களை இழுக்கிறது என்பதால், நடுத்தரத் தோட்டாவில் ஒரே லாட் எண்ணாகச் சேர்த்து வாங்கி, பயிற்சியிலும் போட்டியிலும் அதையே சுடுங்கள். ஒரே லாட்டாக இருப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு: குறிக்கருவி இருந்த இடத்திலேயே இருக்கும், ஒவ்வொரு விலகலுக்கும் தோட்டாவைச் சந்தேகிக்கும் பழக்கமும் ஒழியும்.

இனி திறன்களுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் முதலாவது, திரையைப் பார்க்கும் முன் குண்டு விழுந்த இடத்தைச் சொல்வது. விசை விடுபட்ட கணத்தில் முன்குறி வளையத்துக்குள் இலக்கின் கரும்புள்ளி எங்கே நின்றது என்பதைக் கண் பதிவு செய்திருக்க வேண்டும். ‘மூன்று மணி, ஒன்பது’ என்று வாய்விட்டுச் சொல்லிய பிறகே திரையைப் பார்க்க வேண்டும். மின்னணுத் திரை அருகிலேயே இருப்பதால் இன்றைய வீரர்களிடம் இந்தப் பழக்கம் தேய்ந்து வருவது எனக்கு உண்மையான வருத்தம். சொன்ன இடமும் விழுந்த இடமும் தொடர்ந்து பொருந்தும்போது, பொருந்தாத ஒரு குண்டு உடனே தனித்துத் தெரியும். அப்போதுதான் தோட்டாவையோ காற்றையோ சந்தேகிக்கும் தகுதி நமக்கு வருகிறது. உங்கள் கீழ் ஒன்பதுகளில் நீங்கள் சொன்ன இடம் எது என்பதை உங்கள் கேள்வியில் எழுதவில்லை. ‘எந்தக் குறையும் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பயிற்சியிலிருந்து இரண்டையும் அருகருகே குறித்து வையுங்கள்.

கிடந்த நிலையில் கீழே விழுவதற்கு நான் அதிகம் காணும் காரணம் மூச்சு. மூச்சை இழுக்கும்போது மார்பு உயர்ந்து, பட் எனப்படும் ரைஃபிளின் பின்முனை உயர்ந்து, குழல்வாய் தாழ்கிறது; மூச்சை விடும்போது அது மேலே ஏறி இலக்குக்கு வருகிறது. மூச்சு முழுதாக அடங்கும் இடத்துக்கு வருமுன் விசையை இழுத்தால் குண்டு கீழே போகும். கண்ணுக்கோ குறி சரியாக இருந்ததுபோலவே தோன்றும், ஏனெனில் கை அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். குண்டு புறப்படும் கணத்தில் அந்தத் தசை தளர்ந்துவிடும். அடுத்த காரணம் ரைஃபிளை மேற்கையோடு பிணைக்கும் ஸ்லிங் பட்டை. மேற்கையில் அது சிறிது சிறிதாக நழுவும்போது ரைஃபிளும் மெல்லத் தாழும். வீரர் அறியாமலே தசையால் ஈடுகட்டிக்கொண்டிருப்பார். பட்டை நழுவியிருந்தால் கீழ் ஒன்பதுகள் ஒரு தொடரின் பிற்பகுதியில் கூடும். மூச்சு என்றால் எங்கும் பரவலாக வரும். குறிப்பேட்டில் குண்டின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இவ்விரண்டுக்கும் அடியில் இருப்பது, தசையின் உதவியில்லாமல் உடல் தானாகக் காட்டும் புள்ளி. நிலையில் அமர்ந்து, குறிபார்த்து, கண்களை மூடி, இரண்டு மூச்சு இயல்பாக விட்டுவிட்டுக் கண்களைத் திறந்து பாருங்கள். குறி எங்கே நிற்கிறதோ அதுவே உங்கள் உடலின் புள்ளி. அது கரும்புள்ளியின் நடுவில் இல்லையென்றால், கையால் தள்ளிச் சரி செய்யக் கூடாது. உடலையே நகர்த்த வேண்டும். கிடந்த நிலையில் இடது முழங்கையை அச்சாக வைத்து இடுப்பையும் கால்களையும் நகர்த்துங்கள் (இடக்கையால் சுடுபவர்கள் பக்கத்தை மாற்றிக் கொள்க). மண்டியிட்ட நிலையில் கணுக்காலின் கீழ் உள்ள உருளையோடு சேர்த்து முழு உடலையும் திருப்ப வேண்டும். நின்ற நிலையில் இரு பாதங்களையும் சிறிதளவு திருப்ப வேண்டும். ஒவ்வொரு தொடரின் தொடக்கத்திலும் இதைச் சரிபார்ப்பவர்கள் உண்டு. நான் ஒவ்வொரு குண்டுக்கும் முன்பும் அரைக்கணம் சரிபார்க்கச் சொல்கிறேன்.

நின்ற நிலையைப் பொறுத்தவரை, குறியை அசையாமல் நிறுத்த முடியும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உலகின் முன்னணி வீரர்களுக்கும் குறி அசைகிறது. அவர்களுடைய அசைவு சிறியது, மெதுவானது, அவ்வளவுதான். விசையைத் தட்டுவதுதான் கேடு. குறி பத்தைக் கடக்கும்போது பிடித்துவிட வேண்டும் என்று விரலைத் தட்டினால், அந்தத் தட்டே குழலை நகர்த்திவிடும். குறி தன் சிறிய வட்டத்துக்குள் அமைதியாக அலைந்துகொண்டிருக்கட்டும்; விரல் சீராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகட்டும். மூச்சை நிறுத்தி எட்டுப் பத்து வினாடிகளுக்குள் குண்டு புறப்படவில்லையென்றால் ரைஃபிளைக் கீழே இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு கண் பழைய படிமத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், உடலில் நடுக்கம் ஏறும். இறக்கி வைப்பதும் ஒரு திறன். அதையும் பயிற்சியில் பழக வேண்டும். பயிற்சியின்போது சில முறை, எல்லாம் சரியாக இருக்கும்போதும் வேண்டுமென்றே இறக்கி வைக்கச் சொல்லி நான் என் மாணவர்களைப் பழக்குகிறேன்.

விசை விடுபட்ட பிறகு குண்டு குழலை விட்டு வெளியேறச் சில மில்லி வினாடிகள் ஆகின்றன. அந்த நேரத்தில் தலையைத் தூக்குவதும், தோளைத் தளர்த்துவதும், திரையை எட்டிப் பார்ப்பதும் குண்டின் வழியை மாற்றும். வெடித்த பின்பும் ஓரிரு வினாடி அதே நிலையில் இருந்து, ரைஃபிள் துள்ளி எங்கே வந்து அமர்கிறது என்று பாருங்கள். நிலை சரியாக இருந்தால் அது மறுபடியும் கரும்புள்ளியின் மேலேயே வந்து அமரும். பக்கவாட்டில் போய் அமர்ந்தால், உடலின் புள்ளி தவறு என்று ரைஃபிளே சொல்லிவிடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் தோட்டாவே தேவையில்லை. நின்ற நிலையின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, தோட்டாவின்றி விசையை இழுத்துப் பழகும் டிரை பயிற்சியில்தான் நடக்கிறது. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, தோட்டா அறை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். இதில் எவருக்கும் விலக்கு இல்லை. சில .22 ரைஃபிள்களில் வெற்று அறையில் ஃபயரிங் பின் அடித்தால் அறையின் விளிம்பு சேதமாகும். தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து, தேவையெனில் அதற்கான டிரை கருவியையோ சுட்ட உறையையோ இடுங்கள். முதலில் வெறும் வெள்ளைத் தாளை நோக்கிப் பழகுங்கள். குறி இல்லாதபோது விரலும் கண்ணும் பத்தைத் துரத்துவதில்லை; விசை எப்படிப் போகிறது என்பதை மட்டும் உணர முடியும். அதன் பிறகு சிறிய கரும்புள்ளியை ஒட்டிக்கொள்ளுங்கள். நாளும் சிறிது நேரம் செய்வது, வாரம் ஒருமுறை நெடுநேரம் செய்வதைவிட நன்று.

சோதனைமேசை எழுதியது:

நின்றநிலை அவர்களின் வர்க்கக் கணக்கு சரியானது. மூன்று நிலை சுடுபவருக்கு முதலில் வேண்டியது பயிற்சி என்பதை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும் சேர்க்க வேண்டும்: நடுத்தரத்தில் மொத்தமாக வாங்கும் முன், கிடைக்கும் மூன்று நான்கு லாட்டுகளிலாவது ஒரு பெட்டி வாங்கிச் சோதித்துவிடுங்கள். சில குழல்களுக்குச் சில லாட்டுகள் வெளிப்படையாகவே ஒத்துவராது. அப்படி ஒன்றை ஓராண்டுக்கு வாங்கி வைத்துக்கொள்வது பயிற்சியின் பயனையே மங்கச் செய்யும். அப்படி ஒத்துவராததைக் கழிப்பதற்கு நாற்பது குண்டுகள்கூடத் தேவைப்படாது, இருபதிலேயே தெரிந்துவிடும். சிறந்ததை இரண்டாவதிலிருந்து பிரிப்பதுதான் கடினம். அந்த வேலையைத் தசமப் போட்டிக்குச் செல்லும்போது வைத்துக்கொள்ளலாம்.

குழலைத் துடைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். குண்டின் மேல் பூசப்பட்ட மெழுகோ கொழுப்போ குழலின் உட்பரப்பில் படிந்து ஒரு சீரான பூச்சாகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பூச்சைத் தனியாகத் தயாரிக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், பழைய பூச்சு நீங்கிப் புதியது படியும் வரை குண்டுகள் நிலையில்லாமல் விழும். ஆகவே நிறுவனம் மாறும்போது மென்மையான துணியால் குழலைத் துடைத்துவிட்டு, புதிய தோட்டாவில் இருபது குண்டுகளாவது சுட்டு, குரூப் நிலைகொண்ட பிறகே அளக்கத் தொடங்குங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பூச்சுள்ள லாட்டுகளுக்கு இடையே இவ்வளவு தேவைப்படாது. ஒரு சில குண்டுகள் போதும். துடைக்கும்போது தடி குழல்வாயின் விளிம்பைத் தேய்க்காதபடி, தோட்டா அறையின் பக்கமிருந்து வழிகாட்டிக் குழாய் வைத்தே செலுத்த வேண்டும்.

போட்டி நாளில் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். வெடிமருந்து சூடேறினால் வேகம் மாறும், பூச்சும் இளகும். காற்று அடங்கக் காத்திருக்கும் நேரத்தில் தோட்டாவைச் சூடான தோட்டா அறைக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு படுத்திருப்பதும் அதே விளைவைத்தான் தரும். நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, புதியதை ஏற்றிச் சுடுங்கள்.